பல்கலைக்கழகப் பிக்கல்பால் லீக்: "சும்மா விளையாடலாம் வா" என்றால் யாரெல்லாம் வரலாம்?

வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி.

"பிக்கல்பால் லீக் ஆரம்பிக்கிறாங்க. நாலு பேர் வேணும். அனுபவம் எல்லாம் தேவையில்ல. வர்றியா?"

மட்டையைக் கையில் பிடித்ததே இல்லை. இருந்தாலும் பெயரைக் கொடுத்துவிடுகிறீர்கள். முதல் வாரம் திடலுக்குப் போனால், வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் தொடக்கப்பள்ளியிலிருந்து பூப்பந்து ஆடி வந்தவர். முதல் ஆட்டம் 11-0. அடுத்தது 11-1. அந்த ஒரு புள்ளிகூட அவர் பந்தை வலையில் அடித்ததால் கிடைத்தது.

அவர் எந்த விதியையும் மீறவில்லை. பிக்கல்பால் அவருக்கும் புதிதுதான். பதிவுப் படிவத்தில் "புதியவர்" என்று அவர் போட்டதும் பொய் இல்லை.

ஆனால் இரண்டாவது வாரம் நீங்கள் போவீர்களா?

பொழுதுபோக்கு லீக்கை நடத்துபவர்களுக்கு உண்மையான தலைவலி இதுதான். ஆட்டவிதிகளை அரைமணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். யார் ஆடலாம், யார் எந்தப் பிரிவில் ஆடலாம் என்ற விதிகளை எழுதுவதுதான் கடினம். பலர் கவனிக்காமல் கையெழுத்துப் போடும் பக்கமும் அதுதான்.

பூப்பந்துத் திடலில் பிறந்த விளையாட்டு

பின்னணியைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1965ஆம் ஆண்டு. அமெரிக்காவின் சியாட்டல் நகருக்கு அருகே பெயின்பிரிட்ஜ் தீவு. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பொழுது போகவில்லை. ஜோயல் பிரிச்சர்ட் என்ற அரசியல்வாதியின் வீட்டில் பழைய பூப்பந்துத் திடல் ஒன்று இருந்தது. அவரும் நண்பர் பில் பெல்லும் மேசைப்பந்து மட்டையையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தையும் வைத்து ஏதோ ஒன்றை ஆரம்பித்தார்கள். பார்னி மெக்கல்லம் என்ற இன்னொரு நண்பரும் சேர, விதிகள் உருவாயின.

அந்தப் பழைய திடலின் தடம் இன்னமும் இருக்கிறது. பிக்கல்பால் திடல் 20 அடி அகலம், 44 அடி நீளம். பூப்பந்து இரட்டையர் திடலும் அதே அளவுதான். வலை மட்டும் கீழே இறங்கிவிட்டது. பூப்பந்து வலையின் நடுப்பகுதி 5 அடி உயரம். பிக்கல்பாலில் ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம்.

இந்த அளவுப் பொருத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் இரண்டு விதத்தில் அது முக்கியம்.

ஒன்று, இடம். பல்கலைக்கழக விளையாட்டு அரங்கில் பிக்கல்பாலுக்கென்று தனித் தரை எல்லா இடத்திலும் இருப்பதில்லை. பெரும்பாலும் பூப்பந்துக் கோடுகளுக்கு மேலேயே புதுக்கோடு ஒட்டி, வலையை இறக்கி ஆடுகிறார்கள். அப்படியென்றால் லீக்குக்கு ஒதுக்கப்படும் ஒவ்வொரு மணி நேரமும் பூப்பந்து ஆடுபவர்களிடமிருந்து வாங்கிய மணி நேரம். யாருக்காக வாங்கினோம் என்ற கேள்வி தானாக எழும்.

இரண்டாவது, திறன். அந்தத் திடலின் நீள அகலத்தில் பத்து வருடம் ஓடிப் பழகிய கால்கள் இந்த ஊரில் நிறைய இருக்கின்றன.

வளர்ச்சியின் வேகமும் சாதாரணமானதல்ல. அமெரிக்காவில் 2021இல் சுமார் 48 லட்சம் பேர் பிக்கல்பால் ஆடினார்கள் என்றும் 2024இல் அது 2 கோடியை நெருங்கிவிட்டது என்றும் அந்நாட்டின் விளையாட்டுப் பொருள் தொழில்துறைச் சங்கம் கணக்கிடுகிறது. சிங்கப்பூரில் வீவக புளோக்குகளுக்கு இடையே எழுந்த சத்தப் புகார்களே இந்த விளையாட்டு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைச் சொல்லிவிடும்.

"மாணவர்" என்றால் யார்?

படிவத்தில் முதல் தகுதி இதுதான். எளிதாகத் தெரியும். ஆனால் எளிதில்லை.

முழுநேர இளநிலை மாணவர் என்றால் பிரச்சினை இல்லை. பகுதிநேர மாணவர்? பகலில் வேலை, இரவில் வகுப்பு என்று படிக்கும் முப்பத்தைந்து வயதுக்காரரும் மாணவர்தானே. முனைவர் பட்ட ஆய்வாளர்? ஒரே ஒரு பருவத்துக்குப் பரிமாற்றத் திட்டத்தில் வந்திருப்பவர்? ஊழியர்கள், பேராசிரியர்கள்? போன ஆண்டு பட்டம் வாங்கிவிட்டு இன்னும் சனிக்கிழமை தோறும் வளாகத்துக்கு வரும் அண்ணன்கள்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதற்குப் பொதுவாக ஒரு நேரடியான விடை உண்டு. பொழுதுபோக்கு மையத்துக்கான கட்டணத்தைக் கட்டியவர் ஆடலாம். மாணவர்களின் கட்டணத்திலேயே அது பெரும்பாலும் சேர்ந்திருக்கும். ஊழியர்கள் தனியாக உறுப்பினராகலாம். முன்னாள் மாணவர் என்றால் அநேகமாக வாய்ப்பில்லை. காசு யாருடையதோ திடல் அவருடையது என்ற கணக்கு.

சிங்கப்பூருக்கு அது அப்படியே பொருந்தாது. இங்கே ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள். ஒவ்வொன்றிலும் மாணவர் அமைப்பு வேறு. விடுதி வாழ்க்கையைச் சுற்றி இயங்கும் வளாகமும் உண்டு. வேலை செய்துகொண்டே படிப்பவர்கள் அதிகம் வரும் வளாகமும் உண்டு. இரண்டாவது வகை வளாகத்தில் "முழுநேர மாணவர்களுக்கு மட்டும்" என்று ஒரு வரி எழுதினால் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள்.

அடையாள அட்டையைச் சரிபார்ப்பதும் இதனால்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் மாணவர் அட்டையைக் காட்டச் சொன்னால், "என்னடா இது, விமான நிலையமா?" என்று சலிப்பு வரும். ஆனால் காய்ச்சல் வந்த நண்பனுக்குப் பதிலாக, அவன் பெயரில், நன்றாக ஆடும் வெளியாள் ஒருவரை இறக்குவது உலகெங்கும் நடக்கிற விஷயம். அப்படி ஆடியது தெரிந்தால் அந்த ஆளோடு நிறுத்தாமல், அவர் ஆடிய ஆட்டங்களில் அணியே தோற்றதாக அறிவிப்பது வழக்கம். கடுமையாகத் தோன்றலாம். ஆனால் வெளியாளைக் கூட்டி வருவது தனி ஒருவரின் முடிவாக இருப்பதில்லை, அணியே சேர்ந்து கண்ணை மூடிக்கொள்வதுதான்.

சரி, "புதியவர்" என்றால்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது.

அமெரிக்கக் கல்லூரிகளில் வளாகத்துக்குள்ளேயே நடக்கும் பொழுதுபோக்கு லீக்குகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. அவற்றை நடத்துபவர்களின் தேசியச் சங்கம் 1950இல் நியூ ஆர்லியன்ஸ் நகரின் டிலார்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 11 கறுப்பினக் கல்லூரிகளைச் சேர்ந்தவர்களை வில்லியம் வாசன் என்பவர் ஒன்றுகூட்டினார். கல்லூரி அணியில் இடம் கிடைக்கும் சிலரைத் தவிர மற்றவர்களும் விளையாட வழி வேண்டும் என்பதே இத்தகைய லீக்குகளின் அடிப்படை. அந்த அடிப்படையிலிருந்துதான் தகுதி விதிகள் வந்தன.

பெரும்பாலான வளாகங்களில் மூன்று விதிகளைப் பார்க்கலாம். பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அணியில் இருப்பவர் அதே விளையாட்டின் பொழுதுபோக்கு லீக்கில் ஆட முடியாது. தொழில்முறையில் ஆடியவரும் முடியாது. மாணவர் விளையாட்டு மன்ற உறுப்பினர்கள் ஆடலாம், ஆனால் ஓர் அணியில் இத்தனை பேர் மட்டும் என்று வரம்பு இருக்கும்.

பிக்கல்பாலில் இந்த விதி தடுமாறுகிறது. ஏனென்றால் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் பிக்கல்பாலுக்கு அதிகாரபூர்வ அணி கிடையாது. தடை செய்ய ஆளே இல்லை! அதனால் "தொடர்புடைய விளையாட்டு" என்ற நான்காவது விதி ஒன்று வேலைக்கு வருகிறது. காற்பந்து அணியில் இருப்பவர் ஃபுட்சால் லீக்கில் ஆடக்கூடாது என்பது போல, டென்னிஸ் அணியில் இருப்பவர் பிக்கல்பால் லீக்கின் கீழ்ப் பிரிவில் ஆடக்கூடாது. சில வளாகங்கள் டென்னிஸைத் தொடர்புடையது என்று சேர்க்கின்றன. சில சேர்ப்பதில்லை.

இப்போது அந்த விதியை அப்படியே நகல் எடுத்து இங்கே ஒட்டினால் என்ன ஆகும்? டென்னிஸ்காரர்களைத் தடுப்போம். பூப்பந்துக்காரர்களும் மேசைப்பந்துக்காரர்களும் சிரித்துக்கொண்டே உள்ளே வருவார்கள்.

நம் பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கையாகப் பூப்பந்தும் மேசைப்பந்தும் டென்னிஸைவிட அதிகப் பேரைச் சென்றடைகின்றன. பிக்கல்பாலுக்கு அவை கொடுக்கும் சாதகமும் கொஞ்சநஞ்சம் இல்லை. பூப்பந்து ஆடியவருக்கு இந்தத் திடலின் அளவு உடம்பிலேயே பதிந்திருக்கும். தலைக்கு மேலே வரும் பந்தை அடித்து நொறுக்கத் தெரியும். வலையருகே கை வேகமாக அசையும். மேசைப்பந்து ஆடியவருக்குப் பந்தின் சுழற்சி புரியும், மெல்லத் தட்டி இறக்கும் நயமும் உண்டு. டென்னிஸ்காரர் பின்கோட்டிலிருந்து பலமாக அடிப்பார். ஆனால் வலையருகே வந்ததும், கையைப் பின்னால் நீளமாக இழுத்து அடிக்கும் பழக்கமே அவருக்கு எதிரியாகிவிடும். சில வாரங்களுக்காவது.

எனவே "பிக்கல்பால் எத்தனை மாதமாக ஆடுகிறீர்கள்?" என்பது தவறான கேள்வி. "எந்த மட்டை விளையாட்டை, எந்த அளவில், எப்போது ஆடினீர்கள்?" என்று கேட்டால்தான் ஏதாவது தெரியும்.

அதற்காக எல்லாரையும் தடுத்துவிடலாமா? உயர்நிலை இரண்டில் பள்ளிப் பூப்பந்து அணியில் மாற்று ஆட்டக்காரராக இருந்தவரை இருபத்திரண்டு வயதில் தடுப்பது அபத்தம். தேசிய சேவையை முடித்துவிட்டு வரும் பையன்கள் பலர் மட்டையைத் தொட்டே மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கும். அவர்களைத் தடுப்பதில் யாருக்கு என்ன லாபம்?

என் கருத்தில், தடையைவிடச் சரியான பிரிவில் சேர்ப்பதுதான் நல்ல வழி. இப்போது பல்கலைக்கழக அணியில் மட்டை விளையாட்டு ஒன்றை ஆடுபவர், அல்லது கடந்த ஆண்டு ஆடியவர், நேராக மேல் பிரிவுக்குப் போகட்டும். பள்ளிக் காலத்தில் ஆடியவர் நடுப் பிரிவிலிருந்து ஆரம்பிக்கட்டும். கீழ்ப் பிரிவு, எந்த மட்டை விளையாட்டிலும் பள்ளி அணிக்கு ஆடாதவர்களுக்கு. இப்படிச் செய்தால் யாரும் வெளியே நிற்கவேண்டியதில்லை.

இதில் எனக்கு ஒரு சார்பு இருக்கிறது, மறைக்கவில்லை. உயர்நிலை ஒன்றில் தேர்வுச் சுற்றில் கழித்துவிடப்பட்டு, அதற்குப் பிறகு "எனக்கும் விளையாட்டுக்கும் சரிப்பட்டு வராது" என்று முடிவு செய்துகொண்டவர்கள் நம்மிடையே ஏராளம். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் எடுத்த முடிவு. பல்கலைக்கழகப் பொழுதுபோக்கு லீக் அவர்களுக்குக் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு. அதுவும் சுலபமாகக் கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு விளையாட்டில். அந்த வாய்ப்பும் 11-0 என்று முடிந்தால், மூன்றாவது வாய்ப்பைத் தேடி அவர்கள் வரப்போவதில்லை.

மதிப்பீட்டு எண் உதவுமா?

பிக்கல்பால் உலகில் டூப்பர் என்ற மதிப்பீட்டு முறை பிரபலம். 2.000 முதல் 8.000 வரை ஓர் எண். ஆட்ட முடிவுகளைப் பதிவேற்றப் பதிவேற்ற எண் மாறும். வயது, பாலினம் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே அளவுகோல்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆட்டமே பதிவு செய்யாதவருக்கு எண்ணே கிடையாது. பத்தாண்டு பூப்பந்து ஆடியவரும், நேற்றுதான் மட்டை வாங்கியவரும் அந்தச் செயலியில் ஒரே மாதிரித் தெரிவார்கள். நன்கு ஆடத் தெரிந்தும் தெரியாத மாதிரி கீழ்ப் பிரிவில் சேர்ந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த வெற்றிடம் ரொம்ப வசதி.

இதற்கு மாற்றாக, முதல் வாரத்தை எந்தப் புள்ளியும் கணக்கில் வராத சோதனை வாரமாக வைக்கலாம். எல்லாரும் எல்லாரோடும் கொஞ்சம் ஆடிப் பார்க்கட்டும். இரண்டாவது வாரம் பிரிவு பிரிக்கலாம். ஒரு வாரத் திடல் நேரம் செலவாகும், உண்மைதான். ஆனால் பதினைந்து நிமிடம் ஆடுவதைப் பார்த்தாலே யார் எந்த மட்டம் என்று ஓரளவு தெரிந்துவிடும். படிவத்தில் யாரும் மறைக்க முடிந்ததைக் கால்களில் மறைப்பது சிரமம்.

பரிசும் புள்ளியும்

இன்னொரு விஷயம் பலர் யோசிப்பதில்லை. லீக்கில் வென்றால் என்ன கிடைக்கும் என்பதும் ஒருவகையில் தகுதி விதிதான்.

சட்டையும் கைதட்டலும்தான் பரிசு என்றால் "சும்மா விளையாடலாம்" என்பவர்கள் வருவார்கள். பணப் பரிசு வைத்தால் வேறு ஆட்கள் வருவார்கள். நம் வளாகங்களில் பணத்தைவிடப் பெரிய ஈர்ப்பு ஒன்று உண்டு: விடுதி அறை. சில விடுதிகளில் அடுத்த ஆண்டும் அறையைத் தக்கவைக்க இணைப்பாட நடவடிக்கைப் புள்ளிகள் கணக்கில் வருகின்றன. லீக்கில் கலந்துகொண்டதற்குப் புள்ளி கொடுப்பது ஒன்று. வென்றதற்குக் கூடுதல் புள்ளி கொடுத்தால் கதை மாறிவிடும். அப்போது விடுதி அணித் தலைவர் "யாருக்கு ஆட ஆசை?" என்று கேட்கமாட்டார். "யார் ஜெயிப்பாங்க?" என்றுதான் கேட்பார். அவரையும் குறை சொல்ல முடியாது.

திடலில் இறங்கியதும்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் ஆட்டவிதிகள் மூன்று நான்குதான்.

வலையின் இரண்டு பக்கமும் 7 அடிக்கு ஒரு பகுதி உண்டு. அதைக் "கிச்சன்" என்கிறார்கள். ஆமாம், சமையலறைதான். அதற்குள் நின்றுகொண்டு, பந்து தரையில் படும் முன் காற்றிலேயே அடிக்கக்கூடாது. கோட்டை மிதித்தாலும் தவறு. அடித்த வேகத்தில் கால் உள்ளே போனாலும் தவறு. ஆனால் பந்து தரையில் பட்டு எழுந்தால் உள்ளே போய்த் தாராளமாக அடிக்கலாம். "உள்ளேயே போகக்கூடாது" என்று நினைத்துக் குட்டிப் பந்துகளை எல்லாம் விட்டுவிடுவது புதியவர்களின் வழக்கமான தவறு. பூப்பந்துக்காரர்களை ஓரளவு கட்டுப்படுத்துவதும் இந்தக் கிச்சன்தான். வலைக்கு மேலே பாய்ந்து அடிக்கும் அவர்களின் அனிச்சைச் செயல் இங்கே புள்ளியைப் பறிகொடுக்கும்.

சர்வீஸை இடுப்புக்குக் கீழே, கையை மேல்நோக்கி வீசி அடிக்கவேண்டும். குறுக்காகப் போகவேண்டும், கிச்சன் கோட்டிலும் விழக்கூடாது. வலையில் உரசிக்கொண்டு சரியான இடத்தில் விழுந்தால் ஆட்டம் தொடரும். 2021க்கு முன் அதை மறுபடி போடவேண்டியிருந்தது. மேசைப்பந்து ஆடியவர்கள் இந்த இடத்தில் பந்தைக் கையில் பிடித்துவிட்டு விழிப்பார்கள்.

சர்வீஸ் ஒருமுறை தரையில் படவேண்டும், அதற்கு வரும் பதிலும் ஒருமுறை தரையில் படவேண்டும். அதற்குப் பிறகே காற்றில் அடிக்கலாம்.

புள்ளி எண்ணுவதுதான் எல்லாருக்கும் குழப்பம். வழக்கமான முறையில் சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி. 11 புள்ளி, இரண்டு வித்தியாசத்தில் வெல்லவேண்டும். இரட்டையர் ஆட்டத்தில் மூன்று எண்களைச் சொல்லிவிட்டுச் சர்வீஸ் போடுவார்கள்: தங்கள் புள்ளி, எதிரணிப் புள்ளி, இந்த முறை சர்வீஸ் போடுபவர் முதலாமவரா இரண்டாமவரா. ஆட்டம் "0-0-2" என்று தொடங்கும். முதலில் சர்வீஸ் போடும் அணிக்கு அந்த ஒருமுறை ஒரு வாய்ப்புதான் என்பதால் அந்த 2. இரண்டு ஆட்டம் ஆடினால் பழகிவிடும்.

நேரம் குறைவாக இருக்கும் லீக்குகள் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி கொடுக்கும் முறைக்கு மாறலாம். ஆட்டம் எப்போது முடியும் என்று ஓரளவு கணிக்கலாம். அடுத்த அணி வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கவேண்டியதில்லை.

நடுவர் இல்லை. அப்புறம்?

பொழுதுபோக்கு லீக்கில் ஒவ்வொரு திடலுக்கும் நடுவர் கிடைக்கமாட்டார். கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதை ஆடுபவர்களே சொல்லவேண்டும். உங்கள் பக்கம் விழும் பந்துக்கு நீங்கள்தான் நீதிபதி.

அமெரிக்கப் பிக்கல்பால் சங்கத்தின் விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் பந்து உள்ளே. இணை ஆட்டக்காரர்கள் ஒருவர் "உள்ளே" என்றும் ஒருவர் "வெளியே" என்றும் சொன்னால் சந்தேகம் இருக்கிறது என்று பொருள், அதனால் பந்து உள்ளே. வேடிக்கை பார்க்கும் நண்பர்களிடம் கேட்கக்கூடாது. எதிரணியிடம் கேட்கலாம். கேட்டு அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டால் ஏற்றுக்கொள்ளவேண்டும். எதிராளி கிச்சனை மிதித்ததாக நீங்கள் சொல்லி, அவர் இல்லை என்றால் அந்தப் பந்தை மறுபடி ஆடவேண்டும்.

படிக்கும்போது எளிமை. 9-9 என்று நிற்கும்போது கண் ஏமாற்றும். அதிலும் ஓர் அணி பழகியது, இன்னொன்று புதியது என்றால் புதியவர்கள் வாயே திறக்கமாட்டார்கள். "அவங்களுக்குத் தெரியும்ல" என்று விட்டுவிடுவார்கள். பிரிவு பிரிப்பது இந்த இடத்திலும் உதவுகிறது. சமமானவர்கள் ஆடும்போதுதான் "இல்ல, அது உள்ளதான் விழுந்துச்சு" என்று சொல்லத் தைரியம் வரும்.

அமெரிக்க வளாகங்கள் பலவற்றில் நன்னடத்தைக்கும் மதிப்பெண் உண்டு. எல்லா ஆட்டங்களையும் வென்றிருந்தாலும் சராசரி நடத்தை மதிப்பெண் குறைந்தால் இறுதிச் சுற்றுகளுக்குப் போக முடியாது. தோற்றவர்கள் வேண்டுமென்றே குறைத்துப் போடமாட்டார்களா என்று கேட்கலாம். அதனால்தான் மதிப்பெண்ணைப் பொதுவாக எதிரணி போடுவதில்லை, லீக் ஊழியர்கள் போடுகிறார்கள். இங்கே ஊழியர் கிடைக்கவில்லை என்றால், அந்த நேரத்தில் ஆட்டமில்லாத அணியிலிருந்து ஒருவரை ஒவ்வொரு திடலுக்கும் நிறுத்தலாம். புள்ளி எண்ணவும் ஆள் கிடைத்ததாகிவிடும்.

பெண்கள் பங்கேற்பைப் பற்றிச் சுருக்கமாக. "திறந்த பிரிவு" என்று மட்டும் வைத்தால், பல விளையாட்டுகளில் நடப்பது போல, பெயர்ப் பட்டியலில் ஆண்களே நிரம்பும் வாய்ப்பு அதிகம். கலப்பு இரட்டையருக்குத் தனிப் பிரிவு வைத்தால் ஒவ்வொரு அணியும் தோழிகளைத் தேடிப் போகும். ஆனால் இரட்டையர் ஆட்டத்தில் எதிரணி பலவீனமானவர் என்று நினைப்பவர் பக்கமே பந்தை அனுப்பும். இணையாக வந்தவரோ எல்லாப் பந்தையும் தானே பாய்ந்து அடிக்கப் பார்ப்பார். எண்ணிக்கைக்காக மட்டும் சேர்க்கப்பட்டவருக்கு இரண்டுமே எரிச்சல்தான். பெண்கள் இரட்டையர் பிரிவும் சேர்ந்தே இருப்பது நல்லது.

சத்தமும் நேரமும்

கெட்டியான மட்டையில் பிளாஸ்டிக் பந்து படும் "டொக் டொக்" ஒலி தூரம் போகும். குடியிருப்புப் பகுதிகளில் புகார்கள் எழுந்ததும் சில இடங்களில் விளையாடும் நேரத்தைக் குறைத்தார்கள். வளாகத்திலும் திறந்தவெளித் திடலுக்குப் பக்கத்தில் விடுதி இருந்தால் இதே கதைதான். தேர்வு வாரத்தில் இரவு பத்து மணிக்கு யாரும் இதை ரசிக்கமாட்டார்கள். லீக் அட்டவணை தேர்வுக்கு முன் முடிகிறதா, இரவு ஆட்டங்கள் உள்ளரங்கில் நடக்கின்றனவா என்று பாருங்கள்.

பெயர் கொடுக்கும் முன்

எத்தனை பிரிவுகள், யார் பிரிக்கிறார்கள் என்று கேளுங்கள். "எல்லாரும் ஒரே பிரிவு, ஜாலியா இருக்கும்" என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். தோற்றாலும் குறைந்தது எத்தனை ஆட்டம் கிடைக்கும் என்றும் கேளுங்கள். முதல் தோல்வியோடு வெளியேறும் முறை என்றால் புதியவருக்கு அது லீக்கே இல்லை. அணிக்கு எத்தனை பேர், வராமல் போனால் என்ன அபராதம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். திட்டப்பணி வாரத்தில் நான்கு பேர் அணியில் இரண்டு பேர் காணாமல் போவது இயல்பு. ஆறு பேர் இருந்தால் நல்லது.

நீங்கள் பூப்பந்தோ மேசைப்பந்தோ ஆடியவராக இருந்தால், படிவத்தில் அதற்கு இடம் இல்லாவிட்டாலும் ஏற்பாட்டாளரிடம் சொல்லிவிடுங்கள். மேல் பிரிவில் உங்களுக்குச் சரியான ஆட்டமும் கிடைக்கும்.

மட்டையை முதல் வாரமே வாங்கவேண்டாம், பல இடங்களில் இரவல் கிடைக்கும். காலணி மட்டும் முக்கியம். ஓட்டக் காலணியோடு போகாதீர்கள், பக்கவாட்டில் பாயும்போது கணுக்கால் பிசகும். வீட்டில் பழைய பூப்பந்துக் காலணி கிடந்தால் உள்ளரங்குக்கு அதுவே போதும்.